கதவடைக்கும் மாத்திரை

ஜூன் 14, வெள்ளி

இன்று முதல் எழுத வேண்டுமாம். "தினமும் எழுதணும்னு இல்ல ஜெசி மேடம். மூச்சு எப்படி இருக்கு, என்ன வேலை செஞ்சீங்கன்னு தோணுறப்ப எழுதி வைங்க. எங்கிட்ட காட்டவும் வேணாம்" என்றார் டாக்டர் வைதேகி. காட்ட வேண்டாம் என்றதால்தான் ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் பொன்ஜெசி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தேன். 'இருந்தேன்' என்றுதான் எழுத வேண்டும். போன டிசம்பரில் மைதானத்தில் மயங்கி விழுந்த பிறகு என்னை நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நூலகம் முதல் மாடியில். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போகிறேன். சிறுபிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆஸ்துமா என்றார்கள். ரத்தசோகை என்றார்கள். ஒருவர் மனக்கவலை என்று சொல்லி ஃபீஸும் வாங்கினார். மதுரைக்கு வந்த பிறகுதான் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று தெரிந்தது. குழாய் இறுகிவிட்டதால் இதயம் முட்டி முட்டி ரத்தத்தைத் தள்ளுகிறது. முட்டி முட்டி அதுவும் ஓய்ந்துபோகுமாம்.

இப்போது வெளிநாட்டு மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வழக்கமான மாத்திரைகளோடு இதையும் சேர்த்துப் போட வேண்டும். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. புட்டியில் ஒரு எண் மட்டும் இருக்கும்.

டாக்டர் தன் போனில் ஒரு படம் காட்டினார். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஓடு பதித்ததுபோல் செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கதவுகள். கதவு திறந்தால் கால்சியம் உள்ளே வரும். செல்லுக்கு அதுதான் சேதி. சாயம் போட்டிருப்பதால் கால்சியம் வரும்போது பச்சையாக மினுக்கி அணைகிறது. அப்படி மினுக்கும்போது செல் ஒரு வாயுவை விடும், குழாய் தளர்ந்து கொடுக்கும். "இது நல்லா இருக்கறவங்களோடது" என்றார். அடுத்த படத்தில் செல்கள் அணையவே இல்லை, ட்யூப்லைட் மாதிரி எரிந்துகொண்டே இருந்தன. கதவு மூடவில்லை. கால்சியம் வந்துகொண்டே இருந்தால் செல்கள் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகும், நீர் கசியும், சுவர் தடிக்கும். "இந்த மாத்திரை அந்தக் கதவை அடைக்கும்" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஒரு விசில் அடித்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். நிறுத்தாமல் விசில் அடித்துக்கொண்டே இருந்தால் ஒருத்திமேல் ஒருத்தி விழுவார்கள்.

ஜூன் 15, சனி

காலையில் எனக்குக் கடுங்காப்பி. என் வீட்டுக்காரர் ஞானதுரை பால் டெப்போ நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் பால் ஊற்றிவிட்டு எனக்குக் கடுங்காப்பி. ஏன் என்றேன்.

"கால்சியம்தான உள்ள போகக் கூடாதுன்னு சொன்னாவ? பால்ல அதுதானட்டி இருக்கு?"

டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். சாப்பிடுகிற கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் விளக்கினார். இவர் எழுந்து நின்று "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். சாயங்காலமும் கடுங்காப்பிதான்.

ஜூன் 29

மாத்திரை போடுகிறேன். ஒன்றும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

மதுரை. தாழ்வாரத்தில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். "போன தடவையவிடக் கூட நடந்திருக்கீங்க" என்றார் டாக்டர். புதுச் செருப்பு போட்டிருந்தேன். அவர் சந்தோஷப்படுகிறாரே என்று சொல்லவில்லை.

அங்கே ரமீஜா என்று ஒரு பெண்ணோடு பழக்கமானது. மேலப்பாளையம். முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் பீடி சுற்றுகிறாள், இரண்டு பெண்பிள்ளைகள், கணவன் சவுதியில். இதே நோய், இதே சோதனை, இதே அளவு புட்டி. ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

"டீச்சர், எனக்கு மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சியெல்லாம் சூடாவுது. தலை வலிக்கி. கண்ணாடியில பாத்தா ரோசாப்பூ மாதிரி செவந்து கெடக்கு. உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் பேச்சை மாற்றினாள். எனக்குக் கிடைத்தது மாவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலில் நின்றுகொண்டே எல்லாப் பாட்டும் பாடினேன். பிரசங்கம் நீளம். வந்து மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் ஓடிப்போய் எடுத்தேன். இவர் ஒரு சாக்கைக்கூடப் பிடிக்க வரவில்லை. ஏசினேன்.

"இப்பல்லாம் நல்லா சத்தமா ஏசுத ஜெசி" என்றார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

நோய்க்காரியைப் பார்த்து அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ராத்திரி அவரோடு பேசவில்லை.

மாத்திரை: ஒன்றும் இல்லை. முகம் சிவக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதுரை. ரமீஜா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வீடு பெருக்குகிறாளாம். பிள்ளைகளுக்குத் தலை பின்னி விடுகிறாளாம். "எங்க உம்மா சொல்லுது, ஒனக்கு நெச மருந்துதான் கெடச்சிருக்குன்னு. அல்லா லேசாக்கிட்டான் டீச்சர்." பேச்சுக்கு நடுவே இரண்டு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அப்படித்தான் வரும்.

டாக்டர் அவளிடம் "அப்படியேதான் இருக்கும்மா, கூடல, குறையல" என்றார். என் காதில் விழுந்தது. கண் படக் கூடாது என்று டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள் போலும்.

என்னிடம் "பிரமாதம்" என்றார். எல்லோரிடமும் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். எனக்குப் பதிலாக வந்திருக்கிற பெண், பெயர் அபிநயா, அணிவகுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். இடது கால் வலது கால் தெரியாமல் ஒரு வகுப்பே நடக்கிறது. பொறுக்கவில்லை. இறங்கிப் போய் நானே முன்னால் நின்று மைதானத்தைச் சுற்றி நடத்திக் காட்டினேன். தலைமையாசிரியை ஓடிவந்து, "டீச்சர், உங்களுக்கு ஒடம்புக்கு முடியாதுல்லா? ஏன் இப்படி?" என்று எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிள்ளைகள் பார்த்தார்கள்.

என்னால் ஓட முடியாது. நடக்கிற நடையெல்லாம் ஒரு நடையா?

ஆகஸ்ட் 28

நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டி மேல் அலமாரியில் ஏற்றினேன். நாள் முழுக்க அதே வேலை. இதற்குத்தான் நான் தேசியப் போட்டிவரை போனேன்.

ரமீஜா போன் செய்தாள். அவள் குரலில் இருக்கிற சந்தோஷத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவள் தங்கமான பெண். அதனால்தான் இன்னும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

மதுரையில் இருவருக்கும் புதுப் புட்டி கொடுத்தார்கள். திரும்பும்போது கோவில்பட்டியில் பஸ் நின்றது. கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"ரமீஜா, ஒரு மாசம். ஒரே ஒரு மாசம். நாம புட்டிய மாத்திக்குவோமா?"

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"டாக்டரம்மாக்கு தெரிஞ்சா?"

"மாத்திரை ஒண்ணு போலத்தான இருக்கு. எப்படித் தெரியும்? உனக்குத்தான் நல்லாயிருச்சே. ஒரு மாசத்துல ஒண்ணும் ஆயிராது. எனக்கு ஓடிப் பாக்கணும் ரமீஜா. ஒரு தடவ. பள்ளிக்கூடத்துல என்னய ஒரு சாமான் மாதிரி வச்சிருக்காவ."

கங்கைகொண்டான் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் பையைத் திறந்து புட்டியை எடுத்தாள்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு டீச்சர். ஆனா எனக்கு மட்டும் கெடச்சு உங்களுக்குக் கெடைக்கலன்னா, அது எனக்கு நல்லாவா இருக்கும்? ஒரு மாசம் நீங்க போடுங்க."

அவளாகத்தான் கொடுத்தாள். நான் பிடுங்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

முகம் சிவந்தது! கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் லேசாக. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெயில்ல நின்னியா?" என்கிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளி விட்ட பிறகு, யாரும் இல்லாதபோது, மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து கோல் கம்பம்வரை ஓடினேன். ஓட்டம்தான். நடை இல்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதுதான் மருந்து. இவ்வளவு நாள் எனக்கு மாவு கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 20

உடம்பு கனமாக இருக்கிறது. மருந்து பிடிக்கும்போது அப்படி இருக்குமாம். ரமீஜாவுக்கும் தலைவலி இருந்ததே.

செப்டம்பர் 24

செருப்பு கடிக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைத்தேன்.

ரமீஜா போன் செய்தாள். சின்ன மகளைப் பள்ளிக்கூடம்வரை நடந்தே கொண்டுபோய் விட்டாளாம். "மாடிக்கிப் போயி துணியும் காயப் போட்டேன் டீச்சர். மூச்சே வாங்கல. பாத்தீங்களா, உங்க மாவுகூட எனக்கு ஒத்துக்கிட்டு!" கலகலவென்று சிரித்தாள். இடையில் மூச்சுக்கு நிற்காத சிரிப்பு. முன்பு மூன்று மாதம் போட்ட மருந்து இன்னும் அவள் உடம்பில் தங்கியிருக்கிறது. கொடுத்துவைத்தவள்.

செப்டம்பர் 30, திங்கள்

நூலகப் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க அபிநயா வந்து கைகொடுக்க வேண்டியதாயிற்று. இவரிடம் சொல்லவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலையணை இரண்டு வைத்துக்கொண்டேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ நல்லாத்தானட்டி இருந்த. ரெண்டு மாசமா நல்லா இருந்தியே. மொளகா சாக்க நீதான தூக்கிக்கிட்டு ஓடுன? நான் ஒருத்தன் கீழ நின்னு பாத்து சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப என்ன ஆச்சு?"

தூங்குங்கள் என்றேன்.

அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

சோதனை முடிந்துவிட்டது. முடித்துவிட்டார்கள். மருந்தில் குறை ஒன்றும் இல்லையாம். அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். புது முதலாளிகளுக்கு நுரையீரலில் விருப்பம் இல்லையாம். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று கூட்டமாக வருகிற நோய்களுக்குத்தான் இனி மருந்து செய்வார்களாம். எங்களைப் போல ஊருக்கு ஒருத்தருக்கு வருகிற நோயை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

டாக்டர் வைதேகி இதை எங்களிடம் சொல்லும்போது மேசைமேல் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். மிச்சம் இருக்கிற புட்டிகளை அழிக்கப் போகிறார்களாம். "சண்டை போட்டிருக்கேன். மருந்தால நல்ல பலன் இருந்தவங்களுக்கு மட்டும் கொஞ்ச காலத்துக்குத் தர சம்மதிச்சிருக்காங்க. யார் யாருக்கு எதுன்னு ரெண்டு வாரத்துல பட்டியல் வரும்."

நடக்க வைத்தார்கள். பாதித் தாழ்வாரத்தில் என்னை உட்கார வைக்க நாற்காலி தேடி ஓடினார்கள். டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. நீர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

ரமீஜா கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். நர்ஸ்கள் கை தட்டினார்கள்.

அக்டோபர் 11

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

டாக்டரின் அறையில் நான் மட்டும். ரமீஜா வெளியே பெஞ்சில். டாக்டர் கணினியைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு நிஜ மருந்துதான் ஜெசி மேடம். முதல் நாள்ல இருந்தே. அதான் எனக்குப் புரியல. மூணு மாசம் அவ்வளவு நல்லா இருந்தீங்க. கடைசி மாசம் மட்டும் எப்படி இப்படி விழுந்தீங்க?"

"ரமீஜா?"

"அவங்களுக்கு மருந்து இல்லாத மாத்திரை. ஆனா கடைசி மாசம் அவங்கதான் நல்லா முன்னேறியிருக்காங்க. விசித்திரமா இருக்கு."

"அவளுக்கு மூஞ்சி செவந்துச்சே டாக்டர். தலைவலி..."

"அது நாங்க வழக்கமா குடுக்கற இன்னொரு மாத்திரை. சோதனை தொடங்கின அதே மாசந்தான் அதையும் அவங்களுக்கு ஆரம்பிச்சோம். சிலருக்கு அப்படி ஆகும்."

புட்டியை மாற்றிக்கொண்டதைச் சொன்னேன். உண்மையை மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த வாயோடு, "அப்படின்னா அந்த மிச்சப் புட்டி எனக்குக் கெடைக்கும்லா?" என்றும் கேட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத நான் மேல எழுதியாகணும். எழுதினா உங்க ரெண்டு பேரையும் கணக்குல இருந்தே எடுத்துடுவாங்க. ரெண்டு பேருக்கும் கிடைக்காது."

"எழுதலன்னா?"

"எழுதலன்னாலும் உங்களுக்குக் கிடைக்காது. கம்பெனி கணக்குப்படி நீங்க மருந்து சாப்பிட்டும் மோசமானவங்க. ரமீஜா மருந்தே சாப்பிடாம தேறினவங்க. இந்த மருந்தே வேணாம்னு சொல்றதுக்கு உங்க ரெண்டு பேரையுந்தான் கைகாட்டுவாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனாலயும் நான் எழுதியே ஆகணும். மருந்து வேலை செஞ்சுதுன்னாவது எங்கயாவது இருக்கட்டும்."

வெளியே வந்து ரமீஜாவிடம் நானே சொன்னேன். டாக்டர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். முடியவில்லை.

அவள் முதலில் கேட்டது: "அப்ப அந்த ஒரு மாசம் நெசமா டீச்சர்? நான் மாடி ஏறுனது, சின்னவளக் கூட்டிட்டுப் போனது, அதெல்லாம் மருந்துதானா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி நல்லா இருக்கேன்னு நெனச்சது?"



அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி இலை வெட்டிக் காய்த்த விரல்கள். நகம் மறுபடி நீலம் பாய ஆரம்பித்திருந்தது. அவளுக்கும் மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆகிறதே.

"முன்னாடி எனக்கு எதுவும் தெரியாம இருந்துச்சு டீச்சர். கொஞ்சம் மூச்சு வந்தாலும் போதும்னு இருந்தேன். நெச மூச்சுன்னா எப்படி இருக்கும்னு காட்டிட்டீங்க. இனி இந்த மூச்ச வச்சுக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?"

அவள் நல்லதுக்கு என்று நான் செய்யவில்லையே, அதனால் மன்னிப்புக் கேட்கவும் வார்த்தை கிடைக்கவில்லை. என் மருந்தை நானே எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். கேட்கிறவர் காதில் அது தானமாகக்கூட விழும். தானம் இல்லை என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

அவள் தனியாக வேறு பஸ்ஸில் போனாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இவர் என்னை உட்கார வைத்து முடி சீவி விட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, விடு" என்றார். அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். டெப்போவுக்கு ஆள் வைத்துவிட்டார். இனி பகலிலும் வீட்டில் இருப்பாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. 

நவம்பர் 5

ரமீஜாவுக்குப் போன் செய்தேன். அவள் உம்மா எடுத்தார். "அவ படுத்திருக்கா. பேச மாட்டேங்குறா. நீங்க யாரு?" என்றார்.

டீச்சர் என்றேன்.

"மாத்திரை மாத்துன டீச்சரா?"

வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

வழக்கமான மாத்திரைக்கு மதுரை போக வேண்டும். இவர் கூடவே வந்தார். புது பஸ் ஸ்டாண்டில் முன்பக்கம் படிக்கு அடுத்த சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ரமீஜா வந்தாள். துணைக்கு யாரும் இல்லை. பர்தாவுக்குள் ஆள் பாதியாகியிருந்தாள். பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மற்ற காலைத் தூக்க முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் "ஏறும்மா, ஏறும்மா" என்று அவசரப்படுத்தினார்கள். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இருப்பது கை எட்டும் தூரம் என்று இருவருக்கும் தெரிந்தது.

அவள் கையை நீட்டவில்லை. நான் கைகொடுக்கப் பார்த்தேன்.

எழ முடியவில்லை.

கண்டக்டர் வந்து அவளைத் தூக்கிவிட்டார். அவள் என்னைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போனாள். மதுரைவரை இரண்டு பேரும் இருமிக்கொண்டே போனோம்.